பவர் மெட்டல் என்றால் என்ன? ஹெலோவீன் குழுவின் கதையோடு ஓர் அறிமுகம்

ஹெவி மெட்டல் என்றதும் பலருக்கு ஒரே படம்தான் மனதில் வரும்: கறுப்பு டீ-ஷர்ட், தோள் வரை முடி, தொண்டை கிழியக் கத்தல். அது முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மெட்டலில் ஏகப்பட்ட கிளைகள் உண்டு, அதில் ஒன்று நல்ல மெட்டை நம்பியே வாழ்கிறது. அங்கே பாடகர் கத்துவதில்லை, பாடுகிறார், அதுவும் எட்டுக்கட்டையில். பல்லவியை இரண்டாவது முறை கேட்கும்போதே நீங்களும் கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்துவிடுவீர்கள். அதற்குப் பெயர்தான் பவர் மெட்டல்.

வரையறை சொல்லி விளக்குவதைவிட ஒரு குழுவின் கதையாகச் சொல்வது எனக்குச் சுலபமாகப் படுகிறது, ஏனென்றால் இன்று ஐரோப்பிய பவர் மெட்டல் என்று நாம் கேட்பதற்கெல்லாம் அச்சு வார்த்துக் கொடுத்தது பெருமளவு ஒரே குழுதான். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து ஹெலோவீன். 1984-ல் ஆரம்பித்தவர்கள், இன்னமும் புது ஆல்பம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஹாலோவீன் பண்டிகையின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றினார்கள், அதனால் பெயரின் முன்பாதி ஆங்கிலத்தில் நரகம் என்றாகிவிட்டது. பண்டிகையின் பூசணிக்காய் குழுவின் சின்னமாகிவிட்டது. பெயரை எழுதும்போது ஓ எழுத்து இருக்கும் இடத்தில் கண்ணும் வாயும் வைத்த ஒரு பூசணிக்காய் உட்கார்ந்திருக்கும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து பிளாக் சபாத் 1970-ல் போட்ட முதல் ஆல்பத்தைத்தான் ஹெவி மெட்டலின் தொடக்கம் என்று பொதுவாகச் சொல்வார்கள். கிதாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கி, கனமாக்கி, நிதானமாக நகர்த்திய இசை அது. அடுத்து வந்த ஜூடாஸ் பிரீஸ்டும் அயர்ன் மெய்டனும் வேகத்தைக் கூட்டினார்கள், இரண்டு கிதார்களை ஜோடியாக வாசிக்கவிட்டார்கள். ஜெர்மனியில் ஹனோவர் நகரத்து ஸ்கார்பியன்ஸ் 1965-லிருந்தே இருந்தார்கள், உலகம் முழுக்கப் பேர் வாங்கியவர்கள்தான், ஆனால் அவர்களுடையது ராக் பக்கம் சாய்ந்த மெட்டல். நம் கதைக்கு முக்கியமானவர்கள் ஸோலிங்கன் நகரத்து அக்செப்ட். 1982-ல் அவர்கள் போட்ட 'ஃபாஸ்ட் ஆஸ் எ ஷார்க்' பாட்டில் டிரம்மர் ஸ்டெஃபான் காஃப்மன் இரண்டு காலாலும் ஓடிய ஓட்டம் ஜெர்மனியின் அடுத்த தலைமுறைக்கு ஒரு பாடமாகவே ஆகிவிட்டது.

இரண்டு காலாலும் என்று சொன்னேன் இல்லையா, அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், பவர் மெட்டலின் இதயமே அதுதான். டிரம்ஸ் வாசிப்பவர் சாதாரணமாக வலது காலால் ஒரு பெடலை மிதிப்பார், அது தரையில் நிற்கும் பெரிய டிரம்மை அடிக்கும். அடிவயிற்றில் 'தும்' என்று விழுகிறதே, அந்தச் சத்தம். டபுள் பேஸ் என்றால் இடது காலுக்கும் ஒரு பெடல் உண்டு. இரண்டு காலும் மாறி மாறி இடைவெளியே இல்லாமல் மிதிக்கும்போது தனித்தனி 'தும்' கேட்காது, தையல் மிஷின் முழு வேகத்தில் ஓடுகிற மாதிரி ஒரே அதிர்வாகக் கேட்கும். பாட்டு முழுக்க அந்த அதிர்வு தரையாக விரிந்து கிடக்கும்.

சரி, இவ்வளவு வேகத்தில் ஓடினால் கேட்பவருக்கு மூச்சு முட்டாதா? முட்டாது, அதற்கான ரகசியம் பாடும் முறையில் இருக்கிறது. கீழே கால் பறந்துகொண்டிருக்கும்போது மேலே குரல் நிதானமாக, ஒவ்வொரு சுரத்தையும் நீட்டி இழுத்துப் பாடும். கீழே துரித காலம், மேலே விளம்ப காலம் என்று நம் பாஷையில் சொல்லலாம். இந்த இரண்டு வேகமும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் ஓடுகிற ரயிலின் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தூரத்து மலையைப் பார்க்கிற மாதிரி ஓர் உணர்வு வருகிறது. பக்கத்தில் இருப்பதெல்லாம் பறக்கும், மலை மெதுவாகத்தான் நகரும். பவர் மெட்டலை வெறும் வேக மெட்டல் என்று நினைப்பவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

இப்போது ஹாம்பர்க். காய் ஹான்சன், மைக்கேல் வைகாத் இருவரும் கிதார், மார்கஸ் கிராஸ்கோஃப் பேஸ் கிதார், இங்கோ ஷ்விஷ்டன்பெர்க் டிரம்ஸ். நான்கே பேர். பாடுவதும் ஹான்சன்தான். 1985-ல் முதலில் ஒரு சிறிய ஆல்பம், அதே வருடத்திலேயே 'வால்ஸ் ஆஃப் ஜெரிக்கோ' என்று முழு ஆல்பம். இதை இப்போது கேட்டால் கரடுமுரடாக இருக்கும். வேகம் உண்டு, இரண்டு கிதாரும் பின்னிக்கொள்வது உண்டு, பல்லவிகளும் நன்றாகவே இருக்கும், ஆனால் ஹான்சனின் குரல் கீச்சென்று உரசும். எனக்கு அந்தக் குரல் பிடிக்கும், ஒரு முரட்டுப் பையன் மாடியில் நின்று தெருவைப் பார்த்துக் கூவுகிற மாதிரி இருக்கும். இருந்தாலும் இதுவரை இது பவர் மெட்டல் ஆகவில்லை, ஸ்பீட் மெட்டல்தான்.

மாற்றம் வந்தது ஒரு சாதாரண நடைமுறைச் சிக்கலால். மேடையில் அவ்வளவு வேகமாகக் கிதார் வாசித்துக்கொண்டே பாடுவது ஹான்சனுக்குப் பெரும்பாடாக இருந்தது. தனியாக ஒரு பாடகர் வேண்டும் என்று தேடியபோது அதே ஹாம்பர்க்கில் கிடைத்தவர்தான் மைக்கேல் கிஸ்கே. 1986-ல் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு 18 வயது, அதுவரை பேர் தெரியாத ஓர் உள்ளூர்க் குழுவில் பாடிக்கொண்டிருந்தவர், எல்விஸ் பிரெஸ்லியின் தீவிர ரசிகர். அவர் குரலில் கரகரப்பே கிடையாது. உச்சஸ்தாயியில் ஏறி நின்றாலும் சுருதி அசையாது, கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், கீழே இறங்கினால் கனிவாகவும் இருக்கும். அந்தக் குரலை அந்த வேகத்தின் மேல் வைத்தார்கள், அதோடு பாணியே மாறிவிட்டது.

'கீப்பர் ஆஃப் தி செவன் கீஸ்' என்ற பெயரில் இரட்டை ஆல்பம் போட வேண்டும் என்பது குழுவின் ஆசை. இசைக் கம்பெனி சம்மதிக்காததால் இரண்டு பாகமாகப் பிரித்து 1987-ல் ஒன்று, 1988-ல் ஒன்று என்று வெளியிட்டார்கள். இந்த இரண்டும்தான் பவர் மெட்டலின் அரிச்சுவடி. எத்தனையோ குழுக்கள் இந்த அரிச்சுவடியை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் வளர்ந்தன.

இரண்டாம் பாகத்தில் முன்னிசை முடிந்ததும் வரும் 'ஈகிள் ஃப்ளை ஃப்ரீ' பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், வைகாத் எழுதியது. நான் இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. முதல் சில நொடிகளிலேயே டிரம்ஸ் அந்தத் தையல் மிஷின் ஓட்டத்தைப் பிடித்துவிடும். கிதார்கள் ஒரு மெட்டைச் சேர்ந்து வாசிக்கும், ஒருவர் 'ச' பிடித்தால் மற்றவர் அதற்கு மேலே 'க' பிடிக்கிற மாதிரி, ஒரே மெட்டு இரண்டு உயரத்தில் கைகோத்துக்கொண்டு போகும். மெட்டலில் இதை ட்வின் கிதார் என்பார்கள். அப்புறம் கிஸ்கே வருவார், சரணத்தைச் சாதாரணமாகத்தான் பாடுவார், பல்லவி வரும்போது குரல் கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போகும், ஆனால் சிரமப்படுகிறார் என்றே தோன்றாது. பாட்டின் நடுவில் இன்னொரு அழகு இருக்கிறது. கிதார்கள் மட்டும் தனி வாசிப்பு வாசித்துவிட்டு ஓய்ந்துவிட மாட்டார்கள். பேஸ் கிதாருக்கும் சில நொடி, டிரம்ஸுக்கும் சில நொடி என்று ஆளுக்கு ஒரு வாய்ப்பு. பெரும்பாலான ராக் பாட்டுகளில் பின்னால் நின்று முட்டுக்கொடுப்பதோடு சரி என்றிருக்கும் அந்த இரண்டு பேரும் முன்னால் வந்து முகம் காட்டிவிட்டுப் போவார்கள். ஐந்து நிமிடச் சொச்சத்தில் ஐந்து பேரையும் அறிமுகப்படுத்திவிடுகிற பாட்டு.

இந்தப் பாணியின் வரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பவர் மெட்டல் பாட்டுகளில் நன்மைக்கும் தீமைக்கும் போர், மாயக் கதைகள், விடுதலை, நம்பிக்கை இவையெல்லாம் அதிகம். ஹெலோவீனின் கீப்பர் கதையும் அப்படித்தான், ஏழு சாவிகளைக் காக்கும் ஒருவன், ஏழு கடல். 13 நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு ஒவ்வொரு பாகத்திலும் ஒன்று உண்டு. அதே ஆல்பத்தில் பைத்தியக்கார விஞ்ஞானி ஒருவரைப் பற்றிய வேடிக்கைப் பாட்டும் இருக்கும். அந்தச் சந்தோஷம் இவர்களுடைய தனி முத்திரை. இருட்டும் கோபமும்தான் மெட்டல் என்று இருந்த காலத்தில், சந்தோஷமாக ஒலிக்கும் மேஜர் ஸ்கேல் சுரவரிசையில், சிரித்த முகத்தோடு, இவ்வளவு வேகமாக வாசிக்கலாம் என்று காட்டியது சாதாரண விஷயம் இல்லை.

1988 ஆகஸ்டில் இங்கிலாந்தின் டானிங்டனில் நடந்த மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக் விழாவில் முதல் குழுவாக ஹெலோவீன் மேடை ஏறியது. அன்று கடைசியில் வாசித்தது அயர்ன் மெய்டன். அதே மாதம் கீப்பர் இரண்டாம் பாகம் வந்தது. எல்லாம் கூடி வந்த அந்த நேரத்தில்தான் ஹான்சன் விலகினார். ஓயாத பயணம், உடல்நிலை, குழுவுக்குள் இருந்த உரசல் எல்லாம் சேர்ந்து வந்த முடிவு. அந்த ஆல்பத்தில் அவர் எழுதிய 'ஐ வான்ட் அவுட்' பாட்டு 'எனக்கு விடுதலை வேண்டும்' என்று கேட்கிற பாட்டு, ரசிகர்கள் பிற்பாடு அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள். 1989-ல் காமா ரே என்ற புதுக் குழுவை ஆரம்பித்தார், அதுவும் பவர் மெட்டலில் ஒரு தூணாகவே நின்றது.

அடுத்த ஐந்து வருடம் ஹெலோவீனுக்குக் கஷ்ட காலம். ஹான்சன் இடத்துக்கு ரோலண்ட் கிராபோவ் வந்தார். பழைய இசைக் கம்பெனியோடு வழக்கு, அதனால் தாமதம். 1991-ல் ஓர் ஆல்பம், 1993-ல் 'கமீலியன்' என்று இன்னொன்று. இரண்டாவதில் மெட்டலை ஏறக்குறைய விட்டுவிட்டு வேறு வேறு பாணிகளைத் தொட்டுப் பார்த்தார்கள், ரசிகர்கள் கைவிட்டார்கள். அந்த ஆல்பத்தில் நல்ல பாட்டு இல்லாமல் இல்லை, ஆனால் மூன்று பாடலாசிரியர்கள் மூன்று திசையில் இழுக்கிறார்கள் என்பது கேட்கும்போதே தெரிகிறது. 1993-ல் கிஸ்கே குழுவிலிருந்து நீக்கப்பட்டார், அவருக்கும் வைகாத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

இதைவிடப் பெரிய துயரம் டிரம்மர் இங்கோவுடையது. மனச்சிதைவு நோயால் அவதிப்பட்ட அவரால் 1993-க்கு மேல் குழுவில் தொடர முடியவில்லை. 1995 மார்ச்சில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 29. ஈகிள் ஃப்ளை ஃப்ரீயில் அந்தச் சில நொடிகளில் முன்னால் வந்து வாசித்தவர் அவர்தான். ஹெலோவீன் 1996-ல் போட்ட 'தி டைம் ஆஃப் தி ஓத்' ஆல்பத்தை அவர் நினைவுக்கே காணிக்கையாக்கினார்கள், காமா ரேயில் இருந்த ஹான்சனும் 1995-ல் தன் ஆல்பத்தில் ஒரு பாட்டை அவருக்காக ஒதுக்கினார். பிரிந்துபோனவர்கள் இரண்டு பக்கமும் ஒரே ஆளுக்காக அழுதார்கள்.

1994-ல் பிங்க் க்ரீம் 69 என்ற ஜெர்மன் குழுவிலிருந்து ஆண்டி டெரிஸ் பாடகராக வந்தார். இவரைப் பற்றி அழுத்தியே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கிஸ்கே ரசிகர்கள் பல வருடம் இவருக்கு நியாயம் செய்யவில்லை. டெரிஸின் குரல் கிஸ்கே மாதிரி இல்லை, கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் குறும்பு, தெருவில் நடந்து வருகிற குரல். அவர் வந்த வருடமே வெளியான 'மாஸ்டர் ஆஃப் தி ரிங்ஸ்' குழுவைத் திரும்பத் தன் தடத்துக்குக் கொண்டுவந்தது. டெரிஸ் நல்ல பாடலாசிரியரும்கூட. 1994-லிருந்து இன்றுவரை முப்பது வருடத்துக்கும் மேலாக அவர் அங்கே நிற்கிறார். கிஸ்கே முதலில் இருந்தது ஏழு வருடம் மட்டும்தான். இந்த நடுக்காலத்தில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 2001-ல் கிராபோவும் டிரம்மர் ஊலி குஷும் வெளியேற்றப்பட்டு மாஸ்டர்ப்ளான் என்று தனிக் குழு கண்டார்கள், பிறகு கிதாருக்குச் சாஷா கெர்ஸ்ட்னரும் டிரம்ஸுக்கு டானி லோப்லெயும் வந்து நிலைத்தார்கள். முதல் நாளிலிருந்து ஒரு நாளும் விலகாமல் இருப்பவர்கள் வைகாத்தும் கிராஸ்கோஃபும் மட்டும்தான்.

இதற்கிடையில் விதை எங்கெங்கோ விழுந்து முளைத்துவிட்டது. க்ரேஃபெல்ட் நகரத்து பிளைண்ட் கார்டியன், ஃபின்லாந்தின் ஸ்ட்ராட்டோவேரியஸ், ஸ்வீடனின் ஹாமர்ஃபால், பிரேசிலின் ஆங்க்ரா. ஆங்க்ரா 1993-ல் தங்கள் முதல் ஆல்பத்தைப் பதிவுசெய்ய பிரேசிலிலிருந்து ஹாம்பர்க்கில் இருந்த ஹான்சனின் ஸ்டூடியோவுக்கே வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பவர் மெட்டல் என்ற பெயரை அமெரிக்காவிலும் சில குழுக்களுக்குச் சொல்வதுண்டு, அது இன்னும் முரட்டுத்தனமான வேறு பாணி, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கிஸ்கே மட்டும் மெட்டலே வேண்டாம் என்று ஒதுங்கியிருந்தார். தனி ஆல்பங்கள் போட்டார். 2001-ல் அவன்டாசியா என்ற கூட்டு முயற்சியில் பாடச் சம்மதித்தபோதுகூடத் தன் சொந்தப் பெயரைப் போடாமல் 'எர்னி' என்ற பெயரில்தான் பாடினார். ஆனால் அந்தக் குரலை எந்த ரசிகரிடம் மறைக்க முடியும்? கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தார். 2010-ல் அவன்டாசியா மேடையில் அவரும் ஹான்சனும் ஒன்றாக நின்றார்கள், பிறகு யுனிசோனிக் என்ற குழுவில் சேர்ந்து வாசித்தார்கள். அதற்கு முன்பே, 2007-ல் தொடங்கிய நீண்ட பயணத்தில், ஹெலோவீனும் காமா ரேயும் ஒரே மேடையைப் பகிர்ந்துகொண்டிருந்ததால் ஹான்சனுக்கும் பழைய குழுவுக்கும் சுமுகம் வந்துவிட்டது. மிச்சம் இருந்தது கிஸ்கே-வைகாத் மனத்தாங்கல் மட்டும்தான், அதுவும் ஒரு விழாவில் மேடைக்குப் பின்னால் நேருக்கு நேர் பார்த்துப் பேசியபோது கரைந்தது.

பொதுவாகப் பழைய பாடகர் திரும்பி வந்தால் என்ன நடக்கும்? இப்போதைய பாடகருக்கு ஒரு நன்றிக் கடிதம், அவ்வளவுதான். ஹெலோவீன் அதைச் செய்யவில்லை. 2017 அக்டோபரில் மெக்சிகோவில் தொடங்கிய 'பம்ப்கின்ஸ் யுனைட்டட்' பயணத்தில் ஹான்சன் வந்தார், கிஸ்கே வந்தார், ஆனால் டெரிஸ் எங்கேயும் போகவில்லை, கெர்ஸ்ட்னரும் போகவில்லை. மேடையில் ஏழு பேர், மூன்று கிதார், மூன்று பாடகர். இரண்டே முக்கால் மணி நேரம், சில ஊர்களில் அதற்கும் மேல். கிஸ்கே காலத்துப் பாட்டில் டெரிஸ் சேர்ந்துகொள்வார், டெரிஸ் காலத்துப் பாட்டில் கிஸ்கே சேர்ந்துகொள்வார், முதல் ஆல்பத்துப் பாட்டுகளை ஹான்சனே பாடுவார். இந்தக் குழு இவ்வளவு நாள் நிலைத்ததற்கு நல்ல பாட்டுகள் ஒரு காரணம் என்றால், போனவரை அழைக்கும்போது இருந்தவரைத் தள்ளாத இந்தப் பெருந்தன்மையையும் நான் அதே அளவுக்குச் சொல்வேன்.

அந்தப் பயணத்தில் ஒரு காட்சி உண்டு, வீடியோவில் பார்த்தாலே தொண்டை அடைக்கும். நிகழ்ச்சியின் நடுவில் மற்றவர்கள் இறங்கிவிடுவார்கள், டானி லோப்லெ மட்டும் டிரம்ஸில் உட்கார்ந்திருப்பார். பின்னால் பெரிய திரையில் இளம் இங்கோ தோன்றுவார், தலைமுடி பறக்கச் சிரித்துக்கொண்டு வாசிக்கிற பழைய பதிவு. திரையில் இங்கோ ஒரு சுற்று அடிப்பார், மேடையில் லோப்லெ பதில் அடிப்பார், பிறகு அவர், பிறகு இவர். கடைசியில் இருவரும் சேர்ந்து ஓடுவார்கள். கூட்டம் இங்கோ பெயரைச் சொல்லிக் கத்தும்.

ஏழு பேரும் சேர்ந்து போட்ட 'ஹெலோவீன்' ஆல்பம் 2021 ஜூனில் வந்தது, ஜெர்மன் ஆல்பம் பட்டியலில் முதல் இடம் பிடித்தது. குழு தொடங்கி 37 வருடம் கழித்து! அதில் லோப்லெ வாசித்தது இங்கோவின் பழைய டிரம் செட்டில். 2025-ல் 'ஜயன்ட்ஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்' என்ற அடுத்த ஆல்பமும் வந்துவிட்டது.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். முதல் ஆல்பத்தில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஈகிள் ஃப்ளை ஃப்ரீ, முடிந்தால் ஹெட்போனில், இரண்டு கிதாரும் எப்படிப் பிரிகின்றன, எங்கே சேர்கின்றன என்று கேளுங்கள். அடுத்து மாஸ்டர் ஆஃப் தி ரிங்ஸிலிருந்து 'வேர் தி ரெய்ன் க்ரோஸ்', டெரிஸ் யார் என்று அதில் தெரிந்துவிடும். பிறகு வால்ஸ் ஆஃப் ஜெரிக்கோவுக்குப் போய் 'ரைட் தி ஸ்கை' கேளுங்கள், இப்போது அந்தக் கரடுமுரடு உறுத்தாது. கடைசியாக 2021 ஆல்பத்தின் 'ஸ்கைஃபால்', ஹான்சன் எழுதியது, 12 நிமிடம், பூமியில் வந்து இறங்கிய வேற்றுக்கிரகவாசியின் கதை. மூன்று குரலும் அதில் மாறி மாறி வரும், இந்த வரிசையில் கேட்டிருந்தால் யார் எது என்று பிரித்துவிடுவீர்கள். கண்ணாடி மாதிரி ஏறுவது கிஸ்கே. கொஞ்சம் கரகரப்போடு பேசுகிற மாதிரி வருவது டெரிஸ். அவர்கள் நடுவில் கீச்சென்று உரசிக்கொண்டு நுழைகிறதே, 1985-ல் முதல் ஆல்பத்தைப் பாடிவிட்டு, பிறகு கிதாரையும் வைத்துக்கொண்டு பாட முடியவில்லை என்று ஒதுங்கிய ஹான்சனின் அதே குரல்தான் அது.